அமெரிக்காவின் பழைய நெடுஞ்சாலையான ரூட் 66 ஓரத்தில் இத்தனை விசித்திரக் கட்டடங்கள் ஏன்?

வழிப்போக்கன்:
அரிசோனாவில் ஹோல்ப்ரூக் ஊரில் கான்கிரீட் கூம்பு ஒன்றில் ஒரு ராத்திரி தங்கினோம். விக்வாம் மோட்டல் என்று பெயர். சுவர் சாய்ந்து வருவதால் ஓரத்தில் நிமிர்ந்தால் தலை இடிக்கிறது. அதற்கு முன் ஓக்லஹோமாவில் கட்டூசா பக்கம், குளத்தில் ஒரு நீலத் திமிங்கிலம். இதையெல்லாம் யார், எதற்குக் கட்டினார்கள்? அப்புறம் ஏன் நின்றுபோனது?

பழைய வரைபடம்:
கார் வேகமாகப் போகும்போது பலகையைப் படிக்க நேரம் ஏது? அதனால் கட்டடமே பலகை ஆனது. விக்வாம்களை 1930களில் கென்டக்கியில் தொடங்கியவர் ஃபிராங்க் ரெட்ஃபோர்ட். மொத்தம் 7 இடங்களில் வந்தன, இன்று மிச்சம் 3. (இரண்டும் அமெரிக்கப் பழங்குடியினர் குடில்கள்தான், ஆனால் கூம்பாக இருந்தால் அது டீபி, விக்வாம் இல்லை. அவர் கவலைப்படவில்லை!) திமிங்கிலம் வேறு கதை. 1970களின் தொடக்கத்தில் ஹியூ டேவிஸ் தன் மனைவிக்குத் திருமண நாள் பரிசாகக் கட்டியது, வியாபாரத்துக்கு இல்லை.

ஐஸ் தண்ணீர்:
கட்டடமே வேண்டாம், பலகை போதும் என்பதற்கு சவுத் டகோட்டாவின் வால் டிரக் (Wall Drug) கடை இருக்கிறதே. டெட் ஹஸ்டெட் 1931-ல் வாங்கிய மருந்துக்கடை, 5 வருஷமாக ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. 1936 கோடையில் அவர் மனைவி டாரதிக்கு ஒரு யோசனை: வெயிலில் ஏசி இல்லாத காரில் புல்வெளியைத் தாண்டி வருகிறவனுக்கு முதலில் என்ன வேண்டும்? ஐஸ் தண்ணீர். இலவசம் என்று எழுதிச் சாலையோரம் நட்டுவிட்டுத் திரும்புவதற்குள் கடையில் ஆட்கள் வந்து நின்றார்களாம். தண்ணீர் இன்றும் இலவசம்தான்.

கொட்டகை ரசிகன்:
ராக் சிட்டி என்ற சுற்றுலா இடத்தை விட்டுவிட்டீர்களே! கிளார்க் பையர்ஸ் என்ற பெயின்டர், "உங்கள் பண்ணைக் கொட்டகைக்குச் சும்மா பெயின்ட் அடித்துத் தருகிறேன், கூரையில் மட்டும் 'ராக் சிட்டியைப் பாருங்கள்' என்று எழுதிக்கொள்கிறேன்" என்று விவசாயிகளிடம் பேசியே 19 மாநிலங்களில் சுமார் 900 கொட்டகைகளுக்கு அடித்தார். 1965-ல் சாலையோர விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் நெடுஞ்சாலை அழகுச் சட்டம் வந்ததும் பல எழுத்துகள் மறைந்தன.

பழைய வரைபடம்:
சட்டத்தைவிடப் பெரிய அடி இன்டர்ஸ்டேட் என்ற மாநிலங்களை இணைக்கும் விரைவுச்சாலைகள்தான். 1956-க்கு அப்புறம் வந்த அந்தச் சாலைகளில் நினைத்த இடத்தில் ஒதுங்க முடியாது, எக்ஸிட் வந்தால்தான் இறங்கலாம். அரிசோனாவின் செலிக்மன் ஊரை 1978-ல் புதுச் சாலை ஒதுக்கியது, 1985-ல் ரூட் 66 நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்தே போய்விட்டது. அந்த ஊர் முடிதிருத்துபவர் ஏஞ்சல் டெல்காடியோ 1987-ல் பழைய சாலையைக் காப்பாற்றச் சங்கம் அமைத்துப் போராடியதால்தான் இன்று நீங்கள் ஊர் சுற்றுகிறீர்கள். ஹோல்ப்ரூக் போனீர்களே, பக்கத்தில் ஜோசப் சிட்டியில் கறுப்பு முயல் போட்ட மஞ்சள் பலகை பார்த்தீர்களா?

வழிப்போக்கன்:
"இதோ இங்கே" என்று எழுதியிருந்ததே, அதுவா? என்ன இருக்கிறது என்று தெரியாமல் நிற்காமலே வந்துவிட்டோம்.