ஜன்னலில் வெளிச்சமே இல்லாத விமானம்

சித்தி: நேற்று ராத்திரி கரண்ட் போய் மொட்டை மாடியில் படுத்திருந்தோம். பொழிச்சலூர் வீடுதான் தெரியுமே, விமானம் தலைக்கு மேலேயே இறங்கும். ஒன்றில் மட்டும் ஜன்னல் வெளிச்சமே இல்லை. "உள்ளே ஆளே இல்லையாம்மா?" என்று காலையிலிருந்து கேட்கிறான் சின்னவன். பெரியப்பாதான் பதில் சொல்லணும்.

பெரியப்பா: சரியாகத்தான் பார்த்திருக்கிறான்! அது சரக்கு விமானம். அநேகமாக புளூ டார்ட். முன்னால் விமானிகள், பின்னால் முழுக்கப் பார்சல்.

மதுரை அத்தை: புளூ டார்ட் கூரியர் கம்பெனிதானே, அதற்குச் சொந்த விமானமா?

பெரியப்பா: ஆமாம்மா. 1983-ல் மும்பையில் மூன்று பேர் சேர்ந்து தொடங்கிய கம்பெனி. துஷார் ஜானி, கிளைட் கூப்பர், குஷ்ரு துபாஷ். பயணிகள் விமானத்தை நம்பிக் கூரியர் நடத்துவது கஷ்டம். எடை கூடிவிட்டால் முதலில் இறங்குவது சரக்குதான். சாயங்காலம் வாங்கிய பார்சல் காலையில் டெல்லியில் இருக்கணும் என்றால் ராத்திரி விமானம் வேண்டுமே. 1996-ல் இரண்டு போயிங் 737-200-ஐ வைத்துத் தாங்களே பறக்க ஆரம்பித்தார்கள். அந்த விமான நிறுவனத்துக்குத் தலைமையகம் நம்ம சென்னை!

அண்ணா: 2004-ல் ஜெர்மன் கூரியர் கம்பெனி டிஹெச்எல் இதில் பெரும்பங்கு வாங்கியது. அதைவிடப் பெரிய போயிங் 757 விமானம் வந்தது அதற்கு அப்புறம்தான், 2006.

பெரியப்பா: 757-தான் பெரிய பாய்ச்சல். சின்னவனிடம் சொல்லு, அதெல்லாம் ஒரு காலத்தில் ஆட்களை ஏற்றிப் பறந்தவை. சீட்டைக் கழற்றி, ஜன்னலை அடைத்து, இறக்கைக்கு முன்னால் பெரிய கதவு வெட்டி, தரையில் உருளைகள் பதித்துவிட்டார்கள். நான் சரக்கு ஏற்றும் வேலையில் இருந்தபோது பார்த்திருக்கிறேன், அவ்வளவு கனமான கன்டெய்னர் அந்த உருளைமேல் கை தள்ளினாலே ஓடும். கதவு முன்பக்கம் என்பதால் முதலில் ஏறுவதெல்லாம் வாலுக்குப் போகும். பாரம் பின்னால் சாய்ந்தால் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும். அதனால் வாலுக்கு அடியில் ஒரு முட்டு கொடுத்துவிட்டுத்தான் ஏற்றவே தொடங்குவோம்.

மதுரை அத்தை: அம்மாடி! மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றுகிற மாதிரியே இருக்கே.

பெரியப்பா: அதே கணக்குதான்.

அண்ணா: 2020 ஊரடங்கில் பயணிகள் விமானமெல்லாம் நின்றபோதும் இவை நிற்கவில்லை. ஏப்ரலில் சீனாவின் குவாங்சோ வரை போய் மருத்துவப் பொருட்கள் கொண்டுவந்தன.

பெரியப்பா: அந்த ராத்திரிகளில் வேலை பார்த்த பிள்ளைகளை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

சித்தி: இன்றைக்குக் கரண்ட் இருந்தாலும் மாடிக்குப் போகணுமாம்.

பெரியப்பா: ஜமக்காளத்தை எடுத்துக்கொண்டு போங்கள். இருட்டாக ஒன்று வந்தால் எனக்கு உடனே போன் பண்ணச் சொல்லு. எந்நேரமானாலும் பரவாயில்லை.