பெட்போர்டு சதுக்கம்: வெறும் முகப்பு வேலையா?

செம்மண்சுவர்: லண்டன் பெட்போர்டு சதுக்கத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். 1775 முதல் 1783 வரை கட்டிய செங்கல் வரிசை வீடுகள். பழங்கட்டடங்களுக்கான உச்சப் பாதுகாப்பான கிரேடு ஒன்று வேறு. அக்கால லண்டன் ஒப்பந்தக்காரர்களின் வழக்கம் தெரியுமா? நல்ல செங்கல்லை வெளியே அரைக்கல் கனத்துக்கு அடுக்கிவிட்டு உள்ளே மட்டக் கல்லை வைப்பார்கள். இரண்டையும் பிணைக்க வேண்டிய குறுக்குக் கற்களை ஒடித்து, தலையை மட்டும் வெளியே காட்டுவார்கள். 99 ஆண்டுக் குத்தகை நிலத்தில் எவன் உறுதியாகக் கட்டுவான்?

சாளரம்: 240 ஆண்டுகளாக நிற்கிறதே ஐயா! 1774 கட்டடச் சட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். தீக்குப் பயந்து ஜன்னல் சட்டத்தின் மரத்தைச் செங்கல்லுக்குப் பின்னால் மறைக்கச் சொன்னது அது. வெளியே தெரிவது மெல்லிய விளிம்பு மட்டும். அந்த ஜன்னல்களின் அழகே அதில்தான் இருக்கிறது.

செம்மண்சுவர்: வடக்கு, தெற்கு வரிசைகளின் நடுவே, வெள்ளைப் பூச்சில், சுவரோடு ஒட்டிய ஐந்து அரைத்தூண்கள். முக்கோண முகட்டின் உச்சிக்கு நேர் கீழே ஒரு தூண்! ரோமானிய முறைப்படி அங்கே இடைவெளிதான் வரவேண்டும். இலக்கணம் தெரியாதவன் வேலை.

சாளரம்: நடுவில் இருப்பவை இரண்டு வீடுகள். பொதுச்சுவர் அந்த உச்சிக்கு நேராகத்தான் வருகிறது. அங்கே ஜன்னலா வைப்பது? பல வீடுகளைச் சேர்த்து ஒரே அரண்மனைபோல் காட்ட நினைத்தவன் கொடுத்த விலை அந்த ஐந்தாவது தூண். எனக்கு அது பிடித்திருக்கிறது.

பழைய கொத்தனார்: இருவரும் தூணை விட்டு இறங்குங்கள். வாசல் வளைவின் உச்சியில் தாடிக்கார முகம் இருக்கிறது, பார்த்தீர்களா? கல் அல்ல, எலினார் கோட் அம்மையாரின் லாம்பெத் சூளையில் சுட்ட மண். இத்தனை மழைக்கும் தாடிச் சுருள் கலையவில்லை. செங்கல்லுக்கு அந்த வரம் கிடையாது. சுண்ணாம்புச் சாந்து சுவரின் ஈரத்தை வெளியே விடும். அதைச் சுரண்டிவிட்டு, இடுக்குகளில் சிமென்ட்டை அடைத்துப் பாயிண்டிங் செய்தால் ஈரம் செங்கல் வழியாகவே வெளியேறப் பார்க்கும். குளிரில் உறைந்து செங்கல்லின் முகத்தைச் செதில் செதிலாக உரித்துவிடும்.

செம்மண்சுவர்: பாதுகாப்புச் சட்டம் சிமென்ட்டைத் தடுக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. உள்ளே படிக்கட்டையும் கூரைப் பூவேலையையும் மாற்றக்கூட அனுமதி கேட்க வேண்டுமாம். கேட்காமல் செய்தால் குற்ற வழக்காம். இது அதிகம் இல்லையா?

சாளரம்: வெறும் முகப்பு என்று குறைப்பட்டவர் நீங்கள்தானே. உள்ளே இருப்பதைக் காப்பாற்றினாலும் குற்றமா?