போன்ல எழுதின நோட்ஸ் லேப்டாப்புக்கு வரலை, டாக்பேக்கும் வாயைத் திறக்க மாட்டேங்குது. உதவி தேவை

கரிசல்_டீச்சர் (செவ்வாய், இரவு 9.20)

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வாரமா இதோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன், முடியலை, அதான் இங்க வந்துட்டேன்.

எனக்குப் பார்வை முழுசா கிடையாது. அரசுப் பள்ளியில பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். போன் ஆண்ட்ராய்டு 13, திரையில இருக்கிறதைப் படிச்சுச் சொல்ற டாக்பேக் போட்டு ஓட்டுறேன். வீட்டுல விண்டோஸ் லேப்டாப், அதுல அதே வேலையைப் பார்க்கிற என்விடிஏ. ரெண்டுலயும் ஒரே நோட்ஸ் ஆப், ஒரே அக்கவுண்ட். ஆப் பேரை இங்க போடலை. தப்பு அது மேலயா என் மேலயான்னே தெரியாம ஊரைக் கூட்ட வேண்டாமேன்னுதான்.

காலையில பஸ்ஸுக்கு நிக்கிற நேரத்துல போன்ல பேசிப் பேசியே நோட்ஸ் போட்டுருவேன். ராத்திரி லேப்டாப்புல உக்காந்து பிழை திருத்துவேன். மூணு வருஷமா இதுதான் பழக்கம், ஒரு நாளும் தகராறு வந்ததில்லை. இப்போ போன்ல எழுதுறது லேப்டாப்புக்கு வரலை, லேப்டாப்புல திருத்துறது போனுக்குப் போகலை. நடுவுல ஒரு நாள் மட்டும் எல்லாம் மொத்தமா வந்து குதிச்சுது. அன்னைக்குச் சில நோட்ஸ் ஒரே தலைப்புல ரெண்டு ரெண்டா வந்து நின்னுச்சு. மறுநாள்ல இருந்து பழைய குருடி கதவைத் திறடிதான். (நானே சொல்லிக்கலாம், தப்பில்லை.)

நெட் நல்லாவே இருக்கு, வாட்ஸ்அப் ஓடுது. போனை அணைச்சுப் போட்டாச்சு, ஆப்பை அப்டேட் பண்ணியாச்சு. ஆப்புல மேல வலது ஓரத்துல ஒரு பட்டன் இருக்கு. விரல் அதுமேல போனா டாக்பேக் "அன்லேபிள்ட், பட்டன்"னு சொல்லிட்டு நிறுத்திக்குது. டபுள் டேப் பண்ணினா ஒண்ணும் பேசுறதில்லை.

அரையாண்டுக்கான வினா வங்கி, 60 ஒரு மார்க் கேள்வி, போன்லயே மாட்டிக்கிட்டு இருக்கு. யாராவது வழி சொல்லுங்க.

பாலாறு (9.31)

ஆப்பை அன்இன்ஸ்டால் பண்ணிட்டு மறுபடி போடுங்க மேடம். இல்லன்னா செட்டிங்ஸ்ல போய் ஸ்டோரேஜ், கிளியர் டேட்டா. எனக்கு எந்த ஆப் மக்கர் பண்ணினாலும் இதுதான் மருந்து.

ஆறுபுள்ளி (9.38)

டீச்சர், அதை மட்டும் செஞ்சுடாதீங்க!

லேப்டாப்புக்கு வராத நோட்ஸ் இப்போ உலகத்துல ஒரே இடத்துலதான் இருக்கு, உங்க போனுக்குள்ள. ஆப்காரங்களோட சர்வருக்கு, அதாவது நோட்ஸை வாங்கி வைக்கிற அவங்க கம்ப்யூட்டருக்கு, இன்னும் போய்ச் சேரலை. டேட்டாவை அழிச்சா அந்த 60 கேள்வியும் சேர்ந்து போயிடும், திரும்பி வராது. லாக் அவுட்டும் பண்ணாதீங்க, சில ஆப்ல அதுவும் இதே வேலையைத்தான் பார்க்கும்.

முதல்ல நகல் எடுங்க. நோட்டைத் திறந்து ஷேர் கொடுத்து, வாட்ஸ்அப்புல உங்க நம்பருக்கே அனுப்பிக்கோங்க. ஷேர் பட்டனும் பேர் இல்லாம ஊமையா இருந்தா, எழுதுற பெட்டிக்குள்ள நின்னு மூணு விரலால ஒரு தட்டு, டாக்பேக் மெனு வரும். அதுல எடிட்டிங் ஆப்ஷன்ஸ், செலக்ட் ஆல், மறுபடி அதே வழியா காப்பி. அப்புறமா வாட்ஸ்அப்புல ஒட்டிடலாம்.

எல்லாம் பத்திரமான பிறகு நோயைத் தேடுவோம்.

பாலாறு (9.44)

ஐயோ, ஆமா. போட்டோ எடிட்டர், கேம்னு பழகின கை. மன்னிச்சிடுங்க மேடம், என் பதிலை யாரும் பின்பற்ற வேண்டாம்.

கரிசல்_டீச்சர் (செவ்வாய், இரவு 11.05)

நல்லவேளை தம்பி, விரல் அன்இன்ஸ்டால் மேலதான் இருந்துச்சு. நிஜமாத்தான் சொல்றேன்.

14 நோட்ஸ், எல்லாத்தையும் எனக்கே அனுப்பிக்கிட்டேன். முக்கால் மணி நேரம் ஆச்சு. ஷேர் பட்டனைத் தேடிப் பிடிக்க முடியலை, காப்பி வழிதான். என் போன்ல மூணு விரல் வச்சா மெனு வர்றதுக்குப் பதிலா ஸ்க்ரீன்ஷாட் எடுத்துத் தள்ளுது, கேலரியில ஒரு முப்பது படம் சேர்ந்திருக்கும்.

ஆறுபுள்ளி (11.12)

அது போன் கம்பெனிக்காரங்க வைக்கிற சைகை, டாக்பேக்கோட சண்டை போடும். செட்டிங்ஸ்ல ஸ்க்ரீன்ஷாட் சைகையை அணைச்சுடுங்க. அணைக்க மனசில்லைன்னா ஒரே விரலைக் கீழே இழுத்து, எடுக்காமலே வலது பக்கம் திருப்புங்க. அதே மெனுதான் வரும்.

கோவை_சர்வீஸ் (புதன், காலை 7.50)

நான் போன் சர்வீஸ் பண்றவன், டாக்பேக் பழக்கம் கிடையாது. ஆனா இந்த மாதிரி கேஸ் கடைக்கு நிறைய வரும், பாதிக்குப் பாதி பேட்டரி சமாச்சாரம்தான். 2015-ல ஆண்ட்ராய்டு 6 வந்தப்போ டோஸ்னு ஒண்ணு சேர்த்தாங்க. போன் திரை அணைஞ்சு அசையாம கிடந்தா பின்னால ஓடுற ஆப் வேலையை எல்லாம் தள்ளிப் போட்டுடும். விலை கம்மியான போன்ல கம்பெனிக்காரங்க அதுக்கும் மேல ஒரு பூட்டு போட்டிருப்பாங்க. செட்டிங்ஸ், ஆப்ஸ், உங்க ஆப், பேட்டரி, அதுல அன்ரெஸ்ட்ரிக்டட். செஞ்சு பாருங்க மேடம்.

கரிசல்_டீச்சர் (புதன், மாலை 6.15)

செஞ்சேன் சார், மாற்றம் ஒண்ணும் இல்லை. ஆப்பைக் கண்ணு முன்னாடி திறந்து வச்சுக்கிட்டு அரை மணி நேரம் உக்காந்தும் பார்த்துட்டேன்.

ஆறுபுள்ளி (6.40)

திறந்து வச்சே போகலைன்னா டோஸ் மேல பழி போட முடியாது. முன்னால திறந்திருக்கிற ஆப்பை அது தொடாது.

எந்தப் பக்கம் அடைப்புன்னு கண்டுபிடிக்கணும். லேப்டாப்புல ஆப்பை விட்டுட்டு, பிரவுசர்ல அந்த நோட்ஸோட வெப் பக்கத்துக்குள்ள போங்க. அங்க தெரியுறதுதான் சர்வர்ல இருக்கிறது. போன்ல எழுதினது அங்க இருந்தா லேப்டாப் ஆப் வாங்கலைன்னு அர்த்தம், இல்லைன்னா போன் அனுப்பவே இல்லை.

இன்னொண்ணு. நடுவுல ஒரு நாள் மொத்தமா வந்து குதிச்சுதுன்னு சொன்னீங்களே, அன்னைக்கு எங்க இருந்தீங்க?

கரிசல்_டீச்சர் (7.25)

வெப்ல பார்த்தாச்சு. லேப்டாப்புல இருக்கிறது அப்படியே இருக்கு, போன்ல எழுதினது ஒண்ணுகூட இல்லை. அப்போ போன்தான் அனுப்பலை.

அன்னைக்கு சனிக்கிழமை, கோவில்பட்டியில அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஏன் கேக்குறீங்க?

ஆறுபுள்ளி (7.31)

அக்கா வீட்டுல வைஃபை இருக்கா? உங்க வீட்டுல லேப்டாப்புக்கு நெட் எங்கிருந்து வருது?

கரிசல்_டீச்சர் (7.36)

அக்கா வீட்டுல இருக்கு, பாஸ்வேர்டு எப்பவோ போட்டது. எங்க வீட்டுலயும் முன்னாடி பிராட்பேண்ட் இருந்துச்சு. ரெண்டு வாரத்துக்கு முன்னாடி வாடகை வீடு மாறினோம், இன்னும் இணைப்பு மாத்தித் தரலை. இப்போதைக்கு போன்ல ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்புக்குக் கொடுக்கிறேன்.

ஆறுபுள்ளி (7.49)

பிடிச்சாச்சு டீச்சர்.

உங்க ஆப்புல "வைஃபையில மட்டும் ஸிங்க்"ங்கிறது, அதாவது வைஃபை இருந்தா மட்டும் நோட்ஸை அனுப்பி வாங்குங்கிறது, ஆன்ல இருக்குன்னு நினைக்கிறேன். லேப்டாப் ஹாட்ஸ்பாட்டுல இருக்கு, அதுக்கு அது வைஃபைதான், அதனால அது பாட்டுக்கு சர்வரோட பேசுது. ஆனா ஹாட்ஸ்பாட் கொடுக்கிற உங்க போன் இருக்கிறது மொபைல் டேட்டாவுல. ஊருக்கே வைஃபை ஊத்துற போனுக்குத் தனக்குன்னு வைஃபை கிடையாது. அது ரெண்டு வாரமா வைஃபை வரும் வரும்னு காத்துக்கிட்டு நிக்குது. வாட்ஸ்அப்புக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை, அதனால அது ஓடுது, நீங்களும் நெட் சரியா இருக்குன்னு நினைச்சுட்டீங்க.

ஆப் செட்டிங்ஸ்ல ஸிங்க் பகுதிக்குப் போய் அதை ஆஃப் பண்ணுங்க.

கரிசல்_டீச்சர் (8.20)

போனேன். ஆனா அந்தப் பக்கத்தை ஸ்வைப் பண்ணிக்கிட்டே போனா முதல்ல மூணு வரி எழுத்தா வருது: தானா ஸிங்க் செய், வைஃபையில மட்டும், படங்களையும் சேர். அதுக்கு அப்புறம் "ஆன், சுவிட்ச்", "ஆன், சுவிட்ச்", "ஆஃப், சுவிட்ச்"னு மூணு வருது. எதுக்கு எதுன்னு எப்படித் தெரியும்? ரெண்டாவதுக்கு ரெண்டாவதுன்னு குத்துமதிப்பா மாத்திட்டு, தானா ஸிங்க் ஆகுறதையே அணைச்சுட்டா?

ஆறுபுள்ளி (8.27)

குத்துமதிப்பு வேண்டாம். ஸ்வைப் பண்ணினா ஆப் எழுதினவர் அடுக்கின வரிசையில வரும், திரையில இருக்கிற வரிசையில வரணும்னு கட்டாயம் இல்லை. விரலைத் திரையில வச்சு மெதுவா கீழே இழுங்க. "வைஃபையில மட்டும்"னு சொன்ன இடத்துல நிறுத்தி, விரலை எடுக்காம நேரா வலது பக்கம், கோணாம, நகர்த்துங்க. ஓரத்துல எந்த சுவிட்ச் பேசுதோ அதுதான் இந்த வரிக்கு உள்ளது. விரலை எடுத்துட்டு டபுள் டேப்.

கரிசல்_டீச்சர் (8.52)

வந்துடுச்சு! 14 நோட்ஸும் லேப்டாப்புல நிக்குது!! 60 கேள்வியும் இருக்கு.

அந்த ஊமைப் பட்டன் என்னதான்னு ஏழாவது படிக்கிற என் பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "மேகம்மா, உள்ள ஒரு டிக்"னான். நேத்து எப்படிடா இருந்துச்சுன்னு கேட்டா, "மேகத்துக்குக் குறுக்க கோடு போட்டிருந்துச்சு, வீடு மாறினதுல இருந்து அப்படித்தான் இருக்கு"ங்கிறான். தினமும் இந்தப் போன்ல கேம் ஆடுறவன்! ஏண்டா சொல்லலைன்னு கேட்டா, "நீங்க கேக்கலையே"ங்கிறான். என்ன பண்ண.

வைஃபை இல்லாம ஓடினா டேட்டா தீர்ந்துடாதா? தினம் ஒன்றரை ஜிபி பிளான்தான்.

கோவை_சர்வீஸ் (9.05)

எழுத்துக்கு டேட்டா ஒரு பொருட்டே இல்லை மேடம். யூனிகோட்ல வழக்கமா ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். "கி"ங்கிற மாதிரி எழுத்துன்னா ககரத்துக்கு 3, கொக்கிக்கு 3, ஆக 6. பத்தாயிரம் எழுத்து இருக்கிற நோட்டே 60 கேபி வாக்குலதான் வரும். வாட்ஸ்அப்புல வர்ற ஒரு குட்மார்னிங் படம் அதைவிடப் பெருசு. படங்களையும் சேர்ங்கிறதை மட்டும் ஆஃப்லயே விட்டுடுங்க.

கரிசல்_டீச்சர் (9.12)

சரி சார். இன்னும் ரெண்டு இருக்கு. அந்தப் பட்டனுக்கு நானே பேர் வைக்கலாம்னு கேள்விப்பட்டேன். ரெண்டாவது, ரெட்டையா வந்த நோட்ஸ். ஒரே தலைப்பு, ரெண்டும் நீளம். எதுல எது திருத்தினதுன்னு காதால கேட்டுக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள பொழுது விடிஞ்சுடும்.

ஆறுபுள்ளி (9.40)

பேர் வைக்கலாம். பட்டன்ல நின்னு டாக்பேக் மெனுவைத் திறந்தா லேபிள் சேர்க்கிற வசதி இருக்கும். ஆப் எழுதினவர் அந்தப் பட்டனுக்கு உள்ளுக்குள்ள ஒரு ஐடி கொடுத்திருந்தாத்தான் அது வரும், இல்லைன்னா வராது. அப்படியே வந்தாலும் உங்களுக்குப் பாதிதான் பயன். நீங்க "மேகம்"னு வச்சா டிக் இருந்தாலும் "மேகம்"தான், கோடு இருந்தாலும் "மேகம்"தான். உங்களுக்கு வேண்டியது உள்ள இருக்கிற நிலவரம். அதை ஆப்காரங்கதான் செய்யணும். எழுதிப் போடுங்க, சும்மா "டாக்பேக்ல வேலை செய்யலை"ன்னு இல்லாம மூணு விஷயமா: ஸிங்க் பட்டனுக்குப் பேர் இல்லை, நிலை மாறினா அந்தப் பேரும் மாறணும், செட்டிங்ஸ்ல சுவிட்சும் அதோட எழுத்தும் ஒண்ணா சேர்ந்து ஒலிக்கணும். கூடவே டபிள்யூசிஏஜி 2.1, விதி 4.1.3-ன்னு குறிப்பிடுங்க. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்துற மாதிரி வெப் பக்கங்களை அமைக்கிறதுக்கான சர்வதேச வழிகாட்டி அது. 2018-ல வந்தது. திரையில நிலவரம் மாறினா அதை டாக்பேக் மாதிரி ஸ்க்ரீன் ரீடரும் சொல்லுற மாதிரி வைக்கணும்ங்கிறதுதான் அந்த விதி. விதி எண்ணைப் பார்த்தா மென்பொருள்காரங்க கொஞ்சம் நிமிர்ந்து உக்காருவாங்க.

ரெட்டை நோட்ஸ் வந்தது எப்படின்னா, ஒரே நோட்டைப் போன்லயும் தொட்டிருக்கீங்க, லேப்டாப்புலயும் தொட்டிருக்கீங்க, ரெண்டும் சனிக்கிழமைதான் சந்திச்சுது. எது சரின்னு ஆப்புக்குத் தெரியலை, ரெண்டையும் வச்சுடுச்சு. கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணை அழிச்சுத் தொலைக்கலையேன்னு சந்தோஷப்படுங்க.

லேப்டாப்புல வேர்டு இருக்கில்ல? ரெண்டையும் தனித்தனி ஃபைலா ஒட்டி சேவ் பண்ணுங்க. ஆல்ட், ஆர் அழுத்தினா ரிவ்யூ வரும், அதுல கம்பேர். வித்தியாசம் மட்டும் திருத்தமா வரும். என்விடிஏல டாக்குமென்ட் ஃபார்மேட்டிங் பகுதியில எடிட்டர் ரிவிஷன்ஸ் ஆன்ல இருந்தா, எது சேர்ந்தது எது நீங்கினதுன்னு அதுவே சொல்லும்.

கரிசல்_டீச்சர் (வியாழன், இரவு 8.30)

செஞ்சுட்டேன். எட்டுப் பக்க முதல் உலகப்போர் நோட்டுல மொத்தமே அஞ்சு வித்தியாசம். அதுல ஒண்ணு, போன் நகல்ல வெர்செய்ல்ஸ் உடன்படிக்கை 1918-னு விழுந்திருக்கு, லேப்டாப்புல 1919-னு திருத்தி வச்சிருக்கேன். போன் நகல்தானே புதுசுன்னு லேப்டாப்புல இருந்ததை அழிச்சிருந்தேன்னா பிள்ளைகளுக்குத் தப்பான வருஷம் போயிருக்கும்.

ஆப்காரங்களுக்கும் மூணு விஷயத்தையும் எழுதிட்டேன். தானியங்கிப் பதில் வந்திருக்கு, பார்ப்போம். லேபிள் வைக்கிற வசதி என் போன்ல அந்தப் பட்டனுக்கு வரலை. அதுவரைக்கும் பையன்தான். காலையில பள்ளிக்கூடம் கிளம்பும்போது "டிக்கும்மா"ன்னு சொல்லிட்டுப் போறான்.

பாலாறு (9.02)

நானும் என் போனைத் திறந்து பார்த்தேன் மேடம். போட்டோ பேக்கப் வைஃபையில மட்டும்னு இருக்கு, எங்க வீட்டுலயும் ஹாட்ஸ்பாட்தான். போன மார்ச்சுக்கு அப்புறம் ஒரு படம்கூட மேல போகலை.

ஆறுபுள்ளி (9.06)

கிளியர் டேட்டா பண்ணிடாதீங்க.