29 வயசு, மார்பு கேன்சர், ரெண்டாவது கீமோ வரப்போவுது. வேலூர் பக்கம் நம்ம வயசு பொண்ணுங்க யாராவது இருக்கீங்களா?

குடியாத்தம்_தையல்:

எல்லாருக்கும் வணக்கம். நா குடியாத்தம் பக்கம், வயசு 29, ஒரு ஷூ கம்பெனில அப்பர் தைக்கிற செக்ஷன்ல ஏழு வருஷமா இருக்கேன், ரெண்டரை வயசுல ஒரு பொண்ணு. பாப்பாவுக்கு பால் மறக்கடிச்சப்போ இடது மார்ல கோலிகுண்டு மாதிரி கெட்டியா ஒண்ணு தட்டுப்பட்டுது, வலியே இல்ல, பால் கட்டிகினு இருக்குதுன்னு எங்க ஆயா மல்லிப்பூ வச்சி கட்டி வுட்டுச்சி, நானும் சரின்னு நாலு மாசம் வுட்டுட்டேன். அப்புறம் ஸ்கேன், ஊசி போட்டு சதை எடுத்து டெஸ்ட், கேன்சர்னு சொல்லிட்டாங்க. மொதல்ல கீமோ, அப்புறம்தான் ஆபரேஷனாம். மொதல் கீமோ முடிஞ்சிடுச்சி, அந்த செவப்பு மருந்து. வர்ற வியாழக்கெழம ரெண்டாவது.

16ஆம் நாள் காலைல தலைய சீவறேன், சீப்போட ஒரு கத்த முடி வந்துடுச்சி. பாப்பா பக்கத்துல ஒக்காந்துகினு இருந்தா, அம்மா முடி கீழ வுழுந்துடுச்சின்னு சொல்லி பொறுக்கியாந்து என் கைலயே குடுக்குது. அதுக்கு இன்னா சொல்றதுன்னு தெரியாம அப்படியே ஒக்காந்துட்டேன்.

ஆஸ்பத்திரில நோயாளிங்க கூட்டம்னு ஒண்ணு நடக்குது, போனேன். எல்லாம் அம்பது அறுவது வயசு அம்மாங்க, ரொம்ப நல்லவங்க, ஆனா என்ன பாத்ததும் என் பொண்ணு வயசு ஆவுதே உனக்குன்னு அழுவறாங்க, கடைசில நாதான் அவங்கள தேத்திட்டு வந்தேன். எனக்கு கேக்க வேண்டியது வேற. இன்னொரு கொழந்த பொறக்குமா, ஊட்டுக்காரர் கிட்ட இத எப்படி பேசறது, வேலை போயிடுமா, இத அந்த அம்மாங்க எதிர்ல கேக்க வாய் வர்ல. மாமியா வேற வெளிய யார்கிட்டயும் மூச்சு வுடாத, நாத்தனாவுக்கு மாப்ள பாத்துகினு இருக்கோம், பரம்பரை வியாதின்னு பேச்சு வந்துடும்னு சொல்லிட்டாங்க. நம்ம வயசுல யாராவது இருந்தா பேசுங்க. உங்க பேரு ஊரு எதுவும் வேணாம்.

ஆற்காடு_அக்கா:

தங்கச்சி, நா இருக்கேன். எனக்கு 31ல வந்துச்சி, இப்ப 34. அதே செவப்பு மருந்து மூணு வாரத்துக்கு ஒண்ணுன்னு நாலு, அப்புறம் வாரா வாரம் வேற மருந்து 12, ஆபரேஷன், 15 நாள் கரண்டு (கதிர்வீச்சு), இப்ப ஹார்மோன அடக்கற மாத்திரை. ஒன்ன மாதிரியேதான் நானும் ராத்திரி ரெண்டு மணிக்கு போன வச்சிகினு எவளாவது என் வயசுல இருக்காளான்னு தேடிகினு கெடந்தேன்.

மொதல்ல கொழந்த விஷயம், ஏன்னா இது நாள் பாத்து பண்ண வேண்டியது, எனக்கு யாரும் சொல்லாத வுட்டது. நா பாத்த எடத்துல சீக்கிரம் மருந்து ஏத்தணும்னு அவசரம் காட்டுனாங்களே தவிர, உனக்கு கொழந்த வேணுமான்னு ஒரு வார்த்த யாரும் கேக்கல. கீமோ சினைப்பைய பாதிக்கும். அதனால ஆரம்பிக்கறதுக்கு முன்னாலயே கருமுட்டைய எடுத்து ஒறைய வச்சிக்கலாம், ரெண்டு வாரம் போல ஆவும். உனக்கு ஒரு கீமோ போயிடுச்சி, அதனால இப்ப எது முடியும் எது முடியாதுன்னு வியாழக்கெழமைக்கு முன்னாடியே போய் டாக்டர்கிட்ட நேரா கேளு. சினைப்பைய தூங்க வைக்கிற மாதிரி மாசம் ஒரு ஊசி இருக்கு, அது எனக்கு இப்ப போட்டா பிரயோஜனமா, எனக்கு வந்துருக்கறது ஹார்மோனால வளர்ற வகையான்னு ரெண்டையும் கேளு. வெக்கப்படாத. வாய் வர்லன்னா ஒரு பேப்பர்ல எழுதி நீட்டு, நா அப்படித்தான் பண்ணேன், ஆனா லேட்டா பண்ணேன்.

ஹார்மோன் வகைன்னா அஞ்சு வருஷம் பத்து வருஷம் மாத்திரைன்னு சொல்லுவாங்க, அதக் கேட்டதும் அவ்ளோதான் கொழந்தன்னு நெனச்சி ஒடஞ்சி போவாத. பாசிட்டிவ்னு ஒரு பெரிய ஆராய்ச்சி, 2023ல முடிவு வந்துச்சி. 18லேந்து 30 மாசம் மாத்திரை போட்ட 500க்கு மேல பொண்ணுங்க, எல்லாம் 42 வயசுக்குள்ள, கொழந்தைக்காக ரெண்டு வருஷம் வரைக்கும் மாத்திரைய நிறுத்தி வச்சாங்க. சுமார் மூணரை வருஷம் பாத்த வரைக்கும் அவங்களுக்கு நோய் திரும்பறது அதிகமாவல. இன்னும் பல வருஷம் பாக்கணும்னும் சொல்றாங்க, அதையும் சேத்தே சொல்றேன். நா இப்ப அந்த கணக்குலதான் நாள எண்ணிகினு இருக்கேன். இன்னொண்ணு, கீமோ நடக்கற வரைக்கும் மாசாமாசம் வர்லன்னா கூட கரு நிக்கலாம், அதனால தடுப்பு கட்டாயம், ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரை கூடாது, ஆணுறை இல்லன்னா காப்பர் டி. இதையும் எனக்கு யாரும் சொல்லல.

முடி. மீதி கொட்டறதுக்கு முன்னாடி நீயே எடுத்துடு, தலவாணி பூரா முடிய பாக்கறத வுட அது மேல். எடுக்கும்போது பாப்பாவ கூட ஒக்கார வையி, மறைக்காத. எனக்கு கீமோ போடற எடத்துல பக்கத்து சேர்ல ஒரு பெங்காலி பொண்ணு, காந்தி ரோட்ல லாட்ஜ் எடுத்து அவங்க அம்மாவோட தங்கிருந்தா, என் வயசுதான் இருக்கும். அவளுக்கு தமிழ் வராது எனக்கு ஹிந்தி வராது. என் துணி தலைல நிக்காம நழுவிகினே இருந்தத பாத்துட்டு எழுந்து வந்து, ஒரு கைல டிரிப்ஸ் ஊசியோட, தன் காட்டன் துப்பட்டாவ முக்கோணமா மடிச்சி நெத்திலேந்து பின்னால எடுத்து ஒரு தரம் முறுக்கி முடிச்சி போட்டு காமிச்சா. பட்டு, பாலியஸ்டர் நிக்காது, பழைய காட்டன்தான் நிக்கும். அன்னிக்கு அவ கட்டி வுட்டத இன்னும் மறக்கல.

வாலாஜா_26:

நா ஆபரேஷன் முடிஞ்ச ஆளு, கல்யாணம் ஆகல, வயசு ஹேண்டில்லயே இருக்கு. வலது பக்கம் முழுசா எடுத்துட்டாங்க. எங்க பெரியம்மாவுக்கும் சின்ன வயசுல வந்துருக்கு, அதனால எனக்கு மரபணு டெஸ்ட் எடுத்தாங்க, பிஆர்சிஏ1ங்கற மரபணுல கோளாறுன்னு வந்துச்சி. அதனால உங்க மாமியா பேச்சுக்கு என்னால பதில் சொல்லாம இருக்க முடியல. நீங்க அந்த வூட்டுக்கு வந்த மருமக, உங்க ரத்தத்துல ஏதாவது இருந்தாலும் அது எப்படி நாத்தனாவுக்கு போவும்? இது ஒட்டற வியாதியும் இல்ல. பரம்பரைன்னு பயப்படணும்னா உங்க கூடப் பொறந்தவங்களுக்கும் உங்க பொண்ணுக்கும்தான் அத பாக்கணும், அதுக்குத்தான் டெஸ்டும் இருக்கு. இவ்ளோ சின்ன வயசுல வந்தா அந்த டெஸ்ட பத்தி டாக்டர கேக்கறது நல்லது.

ஆபரேஷன பத்தி யாரும் சொல்லாதத சொல்றேன். கைக்கு கீழ ஒரு ட்யூப் வச்சி ஒரு பாட்டில் தொங்க விடுவாங்க, அதுல தண்ணி ரத்தம் கலந்து எறங்கும், தெனம் எவ்ளோ மில்லினு நோட்ல எழுதணும். நைட்டில உள்பக்கம் ஒரு பாக்கெட் தெச்சிகிட்டீங்கன்னா அந்த பாட்டில உள்ள போட்டுக்கலாம், கைல புடிச்சிகினு நடக்க வேணாம். அப்புறம் பிராக்குள்ள வைக்கறது. நா மொதல்ல வெறும் பஞ்சு வச்சேன், எடையே இல்லாததால பஸ்ஸு குலுங்கும்போது மேல ஏறி கழுத்துகிட்ட வந்துடும், வாலாஜாலேந்து ராணிப்பேட்ட போறதுக்குள்ள நாலு தரம் முந்தானைய இழுத்து வுடுவேன். அப்புறம் ஒரு காட்டன் பைக்குள்ள சுத்தி பஞ்சு, நடுவுல கடுகு போட்டு தெச்சி பாத்தேன், கொஞ்சம் நிக்குது, ஆனா எனக்கு தையல் ஒழுங்கா வராது, ஓரம் பிரிஞ்சி போவுது. சிலிக்கான்ல விக்கறாங்க, வெல கட்டுப்படி ஆவல.

எங்கம்மாவுக்கு உங்க ஊருதான். வைகாசி ஒண்ணாந்தேதி கெங்கையம்மன் சிரசு பாக்க வருஷா வருஷம் வருவோம். ஆபரேஷன் முடிஞ்ச வருஷம் நா வர மாட்டேன்னுதான் சொன்னேன், இட்டுகினு வந்துட்டாங்க. அம்மன் தலைய தூக்கியாந்து வேற ஒரு ஒடம்புல பொருத்தறாங்க, அவ்ளோ ஜனமும் கையெடுத்து கும்புடுது. சின்ன வயசுலேந்து பாத்ததுதான், ஆனா அன்னிக்கு அழுகை நிக்கல. வெட்டுப்பட்ட ஒடம்புன்னு என்மேல எனக்கே இருந்த அருவருப்பு அன்னிக்கு கொஞ்சம் எறங்கிச்சி. ஏன்னு சொல்லத் தெரியல.

ஆம்பூர்_ஆபா:

மாமியா சொன்னதுல நா கொஞ்சம் வேற மாதிரி. எல்லார்கிட்டயும் சொல்லணும்னு அவசியம் இல்லம்மா. நா நாலே பேர்கிட்டதான் சொன்னேன், எங்க அம்மி, தங்கச்சி, கீழ் வீட்டு அக்கா, ஸ்கூல் ஃப்ரெண்ட் ஒருத்தி. நா எப்பவும் புர்காதான், அதனால வெளிய யாருக்கும் தலை தெரியாது. ஆனா மறைக்கச் சொன்னதால மறைக்கறது வேற, நானே யாருக்கு சொல்றதுன்னு முடிவு பண்றது வேற. அத உங்க கைல வச்சிக்குங்க.

ஊட்டுக்காரர் விஷயம் கேட்டீங்களே. ஆபரேஷன் முடிஞ்சி வந்ததுலேந்து எங்க வீட்டுக்காரர் ஹால்ல போய் படுத்தார். ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, நாலு மாசம். நா என்ன பாக்க புடிக்கல போலன்னு முடிவு பண்ணி, அவர் எதிர்ல துணி மாத்தறத கூட நிறுத்திட்டேன். ரமலான்ல ஒரு நாள் சஹருக்கு எழுந்தப்போ, ரெண்டு பேரும் தனியா இருந்தோம், தாங்காம கேட்டுட்டேன். தூக்கத்துல கை பட்டு தையல் பிரிஞ்சிடுமோன்னு பயம், அப்புறம் நீயே கதவ சாத்திக்கற, உனக்குதான் என்ன பாக்க புடிக்கலன்னு நெனச்சேன்னு சொல்றார். நாலு மாசம் ரெண்டு பேரும் இப்படி. அதனால கேட்டுடுங்க, வாய வுட்டு கேட்டுடுங்க.

வார்டு_செவிலி:

நா வேலூர்ல கேன்சர் வார்டுல நர்ஸ். நீங்க எல்லாரும் பேசறத பாத்துட்டு சும்மா போக முடியல. ரெண்டு மூணு விஷயம்.

ஜுரம். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல போச்சுன்னா ராத்திரி ஒரு மணியா இருந்தாலும் கெளம்பி வந்துடுங்க, பாராசிட்டமால் போட்டுட்டு காலைல பாக்கலாம்னு இருக்காதீங்க. மருந்து ஏத்தி ஒரு வாரத்துலேந்து ரெண்டு வாரத்துக்குள்ள ரத்த கவுண்ட் ரொம்ப எறங்கி இருக்கும், அப்ப சாதாரண கிருமியே ஆளை சாய்ச்சிடும். வீட்ல ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வைங்க. செவப்பு மருந்துக்கு அப்புறம் ஒண்ணு ரெண்டு நாள் யூரின் செவப்பா போகும், அது ரத்தம் இல்ல. வாய் புண்ணுக்கு கொதிச்சி ஆறுன தண்ணில உப்பு போட்டு கொப்பளிங்க. கீமோ நடக்கும்போது யாராவது கொண்டாந்து குடுக்கற வேர், கஷாயம், லேகியம் எதுவா இருந்தாலும் டாக்டருக்கு சொல்லாம வேணாம், எங்ககிட்ட வந்தா திட்டுவோம்னு மறைக்காதீங்க.

அப்புறம் வேலை. ஷூ கம்பெனின்னா உங்களுக்கு இஎஸ்ஐ, அதான் தொழிலாளர் காப்பீடு, புடிப்பாங்களே, சம்பள சீட்டுல பாருங்க. லீவுக்கு 91 நாள் வரைக்கும் 70 சதவீதம் பணம் வரும். அதுக்கு மேல, நீண்டகால நோய் லிஸ்ட்ல கேன்சர் இருக்கு, ரெண்டு வருஷம் தொடர்ந்து வேலைல இருந்து சந்தா சரியா கட்டிருந்தா 80 சதவீதம் கெடைக்கும், ரெண்டு வருஷம் வரைக்கும் கூட போகும். அந்த சிக் லீவு பணம் வாங்கற காலத்துல வேலைய விட்டு எடுக்கலாமா கூடாதான்னு இஎஸ்ஐ ஆபீஸ்லயே கேட்டு வச்சிக்குங்க. சூப்பர்வைசர் வாய் வார்த்தையா நின்னுக்கோன்னு சொன்னா எழுத்துல எதுவும் கையெழுத்து போட்டு குடுத்துடாதீங்க. சர்டிபிகேட்ட நேரத்துக்கு இஎஸ்ஐ டிஸ்பென்சரில குடுத்துகிட்டே வாங்க, இது விட்டுப்போயி பணம் நின்ன பொண்ணுங்கள நா பாத்துருக்கேன்.

ஆற்காடு_அக்கா:

நாம இப்படி எழுதிகினே இருக்கறத வுட ஒரு நாள் நேர்ல ஒக்காந்தா இன்னா? கோட்டைக்குள்ள, மரத்தடில, தெறந்த வெளி, கூட்டத்துல மாட்ட வேணாம், எல்லாருக்கும் பஸ்ஸு இருக்கு. தங்கச்சிக்கு வியாழக்கெழம மருந்துன்னா அதுக்கப்புறம் மூணாவது ஞாயிறு வச்சிக்கலாம், அந்த வாரம்தான் ஒடம்பு கொஞ்சம் தெம்பா இருக்கும். சாயங்காலமா, இந்த வெயில்ல பகல்ல யாராலயும் முடியாது. பாப்பாவையும் இட்டுகினு வா. பேரு சொல்லணும்னு இல்ல.

வாலாஜா_26:

நா வரேன்.

ஆம்பூர்_ஆபா:

நானும், இன்ஷா அல்லா. அவரே வண்டில கொண்டாந்து விடறேன்னு சொல்லிட்டார்.

குடியாத்தம்_தையல்:

அக்கா, நேத்து போனேன், பேப்பர்ல எழுதி குடுத்தேன். டாக்டரம்மா முழுசா படிச்சிட்டு நாற்காலிய கிட்ட இழுத்து போட்டுகினு ஒக்காந்தாங்க. ஹார்மோன் வகைதானாம். ஊசி போட்டு பாக்கலாம், முழு காரண்டி சொல்ல முடியாதுன்னாங்க, அத கேட்டுகினேன். மரபணு டெஸ்டுக்கும் எழுதி குடுத்துருக்காங்க. முடியும் எடுத்தாச்சி, ஊட்டுக்காரர்தான் மெஷின் போட்டார், பாப்பா மடில இருந்தா. முடிஞ்சதும் தலைய தடவி பாத்துட்டு அம்மாவும் பாப்பா மாதிரின்னா, திருப்பதில மொட்ட போட்டது அவளுக்கு இன்னும் சரியா வளரல. நாத்தனா விஷயத்த மாமியா கிட்ட இன்னும் பேசல. வாலாஜா தங்கச்சி எழுதுனத ஊட்டுக்காரருக்கு படிச்சி காமிச்சேன், நானே சொல்றேன் எங்கம்மா கிட்டன்னார்.

வாலாஜா தங்கச்சி, ஓரம் பிரியுதுன்னு சொன்னியே, அது ஒத்த தையல் போட்டா கடுகு எடைக்கு நிக்காதுமா. உள்ளுக்கு ஒரு பை, அதுல கடுகு, வாய ரெட்டை தையல் போட்டு மூடிட்டு, அத மேல் பைக்குள்ள பஞ்சுக்கு நடுவுல வச்சி அசையாத மாதிரி நாலு எடத்துல புடிச்சி தெக்கணும், ஷூ நாக்க தெக்கற மாதிரி. தோல்ல படற பக்கம் பாப்பாவோட பழைய துணி மாதிரி நல்லா நைஞ்சி போன காட்டன் போட்டா உறுத்தாது. வூட்ல மெஷின் இருக்கு, நேத்து ராத்திரி தூக்கம் வர்ல, ஒண்ணு தெச்சி பாத்துட்டேன், நல்லா ஒக்காருது. உன் பிரா அளவும், இந்தப் பக்கத்தோட எடை எவ்ளோ இருந்தா சரியா இருக்கும்னும் சொல்லு, ரெண்டா தெக்கறேன், ஒண்ண தொவைக்க போட்டா இன்னொண்ணு. ஞாயித்துக்கெழம கோட்டைக்கு கொண்டாரேன்.