பொங்கல் பரிசு: பெண்கள் கையால் செய்தது எங்கே கிடைக்கும்?

வணக்கம். பொங்கலுக்கு அலுவலகத் தோழிகள் 12 பேருக்கும் நாத்தனாருக்கும் ஏதாவது வாங்க வேண்டும். எவர்சில்வர் டப்பா கொடுத்துக் கொடுத்து எனக்கே அலுத்துவிட்டது. இந்த முறை பணம், பொருளைச் செய்தவர் கைக்கே போகட்டும். பெண்களோ திருநங்கைகளோ சொந்தமாகச் செய்து விற்பதாக இருந்தால் நல்லது.

முதல் ஆசை நெட்டி வேலை. குளத்துச் செடியின் தண்டைத் தோல் சீவி, உள்ளே இருக்கும் வெள்ளைத் தக்கையை மெல்லிசாக நறுக்கி ஒட்டுவார்கள். பார்த்தால் தந்தம், தூக்கினால் காற்று! தஞ்சாவூர் நெட்டி வேலைக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. மாட்டுப் பொங்கலுக்கு நெட்டி மாலை கோக்கும் பெண்கள் யாராவது சின்னதாக நிலைவாசல் தோரணம் செய்து தருவார்களா?

போன வருஷம் ஒரு கடையில் தலையாட்டி பொம்மை வாங்கினேன். காகிதக் கூழ் என்றார்கள். வீட்டில் தட்டிப் பார்த்தால் பிளாஸ்டிக். அதனால்தான் நேரே செய்கிறவர்களைத் தேடுகிறேன்.

வயர் கூடை, வாழைநார்ப் பை பின்னும் மகளிர் குழு என்றாலும் சரி. ஆளுக்கு 400 ரூபாய் வரை. கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர் பக்கம் என்றால் நானே பஸ் ஏறி வந்துவிடுவேன். பேரம் பேச மாட்டேன், சத்தியமாக. மார்கழி பிறப்பதற்குள் சொன்னால் அவர்களுக்கும் செய்ய நேரம் கிடைக்கும்.