மகளிர் உரிமைத் தொகை: ஒரே குழுவில் ஐந்து விதமான மெசேஜ், எதற்கு என்ன செய்வது?

ஆரணிப்பக்கம் | 20 செப்டம்பர் 2023, காலை 10.42

எங்கள் மகளிர் குழுவில் 12 பேர் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பித்தோம். 7 பேருக்கு 1,000 ரூபாய் ஏறிவிட்டது. மீதி 5 பேர் போனைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். விவரம்:

1) நிராகரிப்பு. காரணம்: நான்கு சக்கர வாகனம். கணவர் பெயரில் பழைய கார் இருந்தது, 2021லேயே விற்றாயிற்று.
2) நிராகரிப்பு. காரணம்: ஆண்டு மின்பயன்பாடு 3,600 யூனிட்டுக்கு மேல். ஒரே மீட்டரில் அண்ணன் குடும்பம், தம்பி குடும்பம் இரண்டும் இருக்கின்றன.
3) நிராகரிப்பு. காரணம்: ஓய்வூதியம். உதவித்தொகை வாங்குவது மாமியார், விண்ணப்பித்தது மருமகள்.
4) ஏற்பு என்று மெசேஜ் வந்துவிட்டது, பணம் வரவில்லை. பாஸ்புக்கில் "ஆதார் இணைக்கப்பட்டது" என்று சீலே இருக்கிறது.
5) எந்த மெசேஜும் வரவில்லை.

மறுபடியும் புது விண்ணப்பம் போட வேண்டுமா, மேல்முறையீடா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இசேவைமேசை | 20 செப்டம்பர், காலை 11.30

அக்கா, புது விண்ணப்பம் வேண்டாம். நிராகரிப்பு மெசேஜ் வந்தவர்களுக்கு வழி மேல்முறையீடுதான். மெசேஜ் கிடைத்த நாளிலிருந்து 30 நாள் அவகாசம். இ-சேவை மையத்தில் ஆன்லைனில் பதிய வேண்டும், முடிவு எடுப்பவர் வருவாய்க் கோட்டாட்சியர். அதனால் அந்த மெசேஜை அழித்துவிடாதீர்கள். தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

மெசேஜில் வருவது ஒரு வரிக் காரணம் மட்டும்தான். அதற்குப் பின்னால் ஏதோ ஒரு துறையின் பதிவேடு இருக்கிறது. கார் என்றால் போக்குவரத்துத் துறை, யூனிட் என்றால் மின்வாரியம், ஓய்வூதியம் என்றால் சமூகப் பாதுகாப்புத் திட்டப் பட்டியல். ரேஷன் அட்டையில் உள்ள எல்லாருடைய ஆதாரையும் வைத்துத்தான் அவற்றோடு ஒப்பிட்டிருப்பார்கள். எந்தப் பதிவேட்டில் யார் பெயர் நிற்கிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். அங்கே தவறு இருந்தால் அங்கேயே திருத்தி, திருத்திய காகிதத்தை மேல்முறையீட்டில் வைக்க வேண்டும். "எங்களிடம் கார் இல்லை" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், கோட்டாட்சியர் அலுவலகத்தில் மறுபடி அதே பதிவேட்டைத்தான் பார்ப்பார்கள். அதே பதில்தான் வரும்.

இப்போது 1ஆம் ஆளுக்கு வருகிறேன். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். உரிமையாளர் பெயரில் சில எழுத்துகளை மறைத்துத்தான் காட்டும். ஆனாலும் பழைய பெயரா, புதுப் பெயரா என்று தெரிந்துவிடும். இன்னும் கணவர் பெயர் என்றால், வாங்கியவர் ஆர்.சி.யை (வண்டியின் பதிவுச் சான்றை) மாற்றவில்லை. இதற்கு ஒரு காரணம் இப்படி இருக்கலாம்: கார் கடன் கட்டி முடித்தும் ஆர்.சி.யில் அடமானப் பதிவு நீங்கியிருக்காது. அப்படியென்றால் கடன் கொடுத்த நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும் படிவம் 35ம் கொடுத்து அதை நீக்கினால்தான் பெயர் மாற்றம் நகரும்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, படிவம் 30 இரண்டும் வேண்டும். விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இருக்கிறது. நிறையப் பேர் டெலிவரி நோட்டில் கையெழுத்து வாங்குவதோடு நின்றுவிடுகிறார்கள். 30 நாளுக்குள் பெயர் மாறாது போலிருந்தால் காத்திருக்க வேண்டாம். படிவம் 29 கொடுத்த ரசீது, டெலிவரி நோட்டு நகல் இரண்டையும் வைத்து மேல்முறையீட்டை உள்ளே போட்டுவிடுங்கள். 1,000 ரூபாய்க்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்தக் கார் எங்காவது விபத்தில் சிக்கினால், பதிவில் பெயர் இருப்பவர்தான் கோர்ட்டுக்குப் போக வேண்டும்.

செய்யாறுவாசி | 20 செப்டம்பர், மதியம் 12.15

இடையில் ஒரு சந்தேகம் சார். என் வீட்டுக்காரர் வாடகை டாக்ஸி ஓட்டுகிறார், மஞ்சள் போர்டு. அதற்கும் கார் என்றே நிராகரித்துவிட்டார்கள்.

இசேவைமேசை | 20 செப்டம்பர், மதியம் 12.40

திட்ட விதியில் இருக்கும் சொல் "சொந்தப் பயன்பாட்டிற்கு" கார், ஜீப், டிராக்டர், கனரக வாகனம் வைத்திருப்பது. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு மேல்முறையீடு செய்யுங்கள். ஆர்.சி.யில் வாகன வகை தெரியும் பக்கம், பெர்மிட், பேட்ஜ் நகல் மூன்றையும் வையுங்கள். முடிவு கோட்டாட்சியர் கையில்தான். ஆனால் கேட்க நியாயம் இருக்கிறது.

யூனிட்கணக்கு | 20 செப்டம்பர், பிற்பகல் 3.05

2ஆம் ஆள் பற்றி. முதலில் விண்ணப்பத்தில் எழுதிய மின் இணைப்பு எண்ணையும் மின்வாரிய வெள்ளை அட்டையில் இருக்கும் எண்ணையும் ஒவ்வொரு இலக்கமாக ஒத்துப் பாருங்கள். விண்ணப்ப முகாமில் அவசரத்தில் பக்கத்து வீட்டு எண்ணையோ, வீட்டு உரிமையாளரின் மாடி மீட்டரையோ எழுதிய விண்ணப்பங்கள் நிறைய இருக்கின்றன. ஓர் இலக்கம் மாறினாலும் வேறொருவரின் யூனிட் உங்கள் தலையில் ஏறிவிடும்.

எண் சரி என்றால் கூட்டிப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு கணக்கீடு, ஆண்டுக்கு 6. மின்வாரிய இணையதளத்தில் இணைப்பு எண்ணைக் கொடுத்தால் பழைய கணக்கீடுகள் வரும். உதாரணமாக 480, 610, 720, 650, 540, 470 என்று இருந்தால் மொத்தம் 3,470. இது வரம்புக்குள். கோடையில் ஒரு தடவை 720 வந்ததே என்று பயப்பட வேண்டாம், பார்ப்பது ஆண்டு மொத்தத்தை. இங்கே ஒரு தவறு செய்கிறார்கள்: இலவச 100 யூனிட்டைக் கழித்துவிட்டுக் கூட்டுகிறார்கள். கழிக்கக் கூடாது. வரம்பு பயன்படுத்திய யூனிட்டுக்குத்தான், பணம் கட்டிய யூனிட்டுக்கு அல்ல.

ஒரே மீட்டரில் இரண்டு குடும்பம் என்றால் தனித்தனி ரேஷன் அட்டை இருக்கிறதா என்பதுதான் முக்கியம். இருந்தால் இரண்டு அட்டையின் நகல், 6 பில், வீட்டு வரி ரசீது இவற்றோடு "இந்த இணைப்பை இரண்டு குடும்ப அட்டைகள் பகிர்கின்றன, கள ஆய்வு செய்யவும்" என்று எழுதுங்கள். கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்க்கும்போது இரண்டு சமையலறை கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒரே அட்டை, ஒரே அடுப்பு என்றால் அந்த 3,600 முழுக் குடும்பத்துக்கும்தான். அங்கே வாதம் நிற்காது.

இசேவைமேசை | 20 செப்டம்பர், மாலை 4.20

3ஆம் ஆளுக்குச் சுருக்கமாக. முதியோர் ஓய்வூதியம் வாங்குபவர் வீட்டில் இருந்தாலும், ஓய்வூதியம் வாங்காத தகுதியான மற்றொரு பெண் விண்ணப்பிக்கலாம் என்று ஆகஸ்டில்தான் விதியைத் தளர்த்தினார்கள். அதற்காகவே 18, 19, 20 தேதிகளில் சிறப்பு முகாமும் நடந்தது. மருமகள் மேல்முறையீடு செய்யட்டும். மாமியாரின் ஓய்வூதிய ஆணை நகலை வைத்து, "ஓய்வூதியதாரர் என் மாமியார், விண்ணப்பதாரர் நான்" என்று இருவர் ஆதார் எண்ணின் கடைசி 4 இலக்கத்தோடு எழுதுங்கள். குடும்ப அட்டையில் தலைவர் மாமியாரா, மாமனாரா என்பதையும் பாருங்கள். ஆண் தலைவராக இருந்தால் அவருடைய மனைவியைத்தான் குடும்பத் தலைவி என்று எடுத்துக்கொள்வார்கள். சிக்கல் அங்கேயும் இருக்கலாம்.

மெசேஜே வராத 5ஆம் ஆளுக்கு: திட்டத்தின் இணையதளத்தில் ஆதார் எண் போட்டால், ஆதாரில் பதிந்த மொபைலுக்கு ஓ.டி.பி. வரும், நிலவரம் தெரியும். கூட்டம் அதிகம், பக்கம் திணறுகிறது. அதிகாலையிலோ இரவு 10 மணிக்கு மேலோ முயற்சி செய்யுங்கள். ஆதாரில் பழைய நம்பர் இருந்தால் ஓ.டி.பி. வராது. ஆதார் மையத்தில் கைரேகை வைத்து நம்பரை மாற்றலாம், வேறு ஆவணம் தேவையில்லை. அதுவரை வட்டாட்சியர் அலுவலக உதவி மையத்தில் ஆதாரைக் காட்டி நிலவரம் கேளுங்கள்.

போன் செய்து ஓ.டி.பி. கேட்பவர் யாராக இருந்தாலும் சொல்லாதீர்கள். குழுவில் எல்லாருக்கும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள் அக்கா. 1,000 ரூபாய் வரும் என்று நம்பி, கணக்கில் இருப்பதையும் இழந்துவிடக் கூடாது.

கிளைகவுண்டர் | 20 செப்டம்பர், இரவு 8.50

4ஆம் ஆளின் சிக்கலைப் பெரும்பாலோர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாக.

ஆதாரை வங்கியில் "இணைப்பது" இரண்டு வகை. ஒன்று, உங்கள் அடையாளத்துக்காகக் கணக்கில் ஆதார் எண்ணைப் பதிவது. அந்தச் சீல் இதைத்தான் சொல்கிறது. இன்னொன்று, அரசுப் பணம் நேரடியாக வருவதற்காக (டி.பி.டி.) தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் (என்.பி.சி.ஐ.) பட்டியலில் "இந்த ஆதாருக்கு இந்த வங்கி" என்று ஏற்றுவது. இதைத்தான் சீடிங், மேப்பிங் என்பார்கள். முதலாவது இருந்தாலே இரண்டாவதும் இருக்கும் என்று அர்த்தமில்லை.

அந்தப் பட்டியலில் ஒரு ஆதாருக்கு ஒரே ஒரு வங்கிதான் நிற்கும். கடைசியாக எந்த வங்கி ஏற்றியதோ அதுதான். விண்ணப்பத்தில் எந்தக் கணக்கு எண்ணை எழுதினாலும், ஆதார் வழியாக அனுப்பும் பணம் பட்டியலில் உள்ள வங்கிக்கே போகும். மொபைல் கடையில் கைரேகை வைத்து ஒரு பேமென்ட்ஸ் வங்கிக் கணக்கு திறந்திருப்பார்கள், ஒப்புதல் கட்டத்தில் டிக் விழுந்திருக்கும். அதோடு பழைய வங்கி போய்ப் புது வங்கி பட்டியலில் உட்கார்ந்துவிடும். அவருக்கே தெரியாது.

பார்ப்பது எப்படி: மைஆதார் தளத்தில் ஆதார், ஓ.டி.பி. கொடுத்து நுழைந்து "பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்" அழுத்துங்கள். வங்கியின் பெயர், ஆக்டிவா இன்ஆக்டிவா, கடைசியாக மாற்றிய தேதி மூன்றும் வரும். கணக்கு எண் வராது. சாதாரண பட்டன் போன் என்றால் *99*99*1# அடித்து ஆதார் எண்ணைக் கொடுங்கள்.

வேறு வங்கியின் பெயர், ஆக்டிவ் என்று வந்தால் பணம் தொலையவில்லை, அந்தக் கணக்கில் கிடக்கிறது. அட்டையோ பாஸ்புக்கோ இல்லாவிட்டாலும் தபால்காரரிடமோ வங்கி முகவரிடமோ கைரேகை வைத்து எடுக்கலாம். கருவியில் பட்டியலில் வந்த அந்த வங்கியைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வழக்கமான வங்கியைச் சொன்னால் அந்தப் பணம் தெரியாது. அடுத்த மாதத்திலிருந்து பழைய கணக்குக்கே வர வேண்டுமானால், பழைய வங்கிக் கிளையில் ஆதார் சீடிங் ஒப்புதல் படிவம் கொடுங்கள். அதில் "எந்த வங்கியிலிருந்து மாற்றுகிறேன்" என்ற இடத்தைக் காலியாக விடாதீர்கள், அதனால்தான் பாதிப் படிவங்கள் திரும்புகின்றன. கவுண்டரில் "ஆதார் லிங்க் பண்ணுங்க" என்று கேட்டால் "ஏற்கெனவே ஆகியிருக்கே" என்று அனுப்பிவிடுவார்கள். "டி.பி.டி.க்கு என்.பி.சி.ஐ. மேப்பிங்" என்று அந்தச் சொல்லையே சொல்லுங்கள்.

இன்ஆக்டிவ் அல்லது வெற்றாக வந்தால் பணம் போக இடமில்லை. மேப்பிங் செய்துவிட்டு, திரும்பிய தொகைக்கு வட்டாட்சியர் அலுவலக உதவி மையத்தில் எழுதிக் கொடுங்கள்.

மேப்பிங் சரியாக இருந்தும் வராவிட்டால் கணக்கைப் பாருங்கள். 2 ஆண்டு வரவு செலவு இல்லாமல் கிடந்தால் செயல்படாத கணக்கு ஆகியிருக்கும். கே.ஒய்.சி. (அடையாள ஆவணங்கள்) புதுப்பித்து உயிர்ப்பிக்க வேண்டும்.

போளூர்த்தங்கை | 21 செப்டம்பர், காலை 9.10

எனக்கு 1,000 வந்தது, ஆனால் வங்கி குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அதில் ஒரு பகுதியைப் பிடித்துவிட்டது. கேட்க முடியுமா?

கிளைகவுண்டர் | 21 செப்டம்பர், காலை 9.45

கேட்கலாம்மா. உரிமைத் தொகையில் அப்படிக் கழிக்கக் கூடாது என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிவித்திருக்கிறார், புகாருக்கு முதல்வரின் உதவி எண் 1100. முதலில் கிளை மேலாளருக்கு எழுத்தில் கொடுங்கள், பிடித்த தேதியும் தொகையும் தெரியும் பாஸ்புக் பக்கத்தோடு. அதே நாளில் கணக்கை அடிப்படை சேமிப்புக் கணக்காக மாற்றித் தரச் சொல்லுங்கள், அதற்குக் குறைந்தபட்ச இருப்பே கிடையாது. மாற்றாவிட்டால் மறுபடி பிடிக்க வாய்ப்பிருக்கிறது.

வந்தவாசி2 | 21 செப்டம்பர், காலை 11.00

கணவர் வீட்டுக் கடனுக்காக வருமான வரி ரிட்டர்ன் போட்டார். 2.80 லட்சம் காட்டினார், வரி ஒரு ரூபாய் கூடக் கட்டவில்லை. நிராகரித்துவிட்டார்கள். வரியே கட்டாதபோது இது தப்புதானே?

இசேவைமேசை | 21 செப்டம்பர், மதியம் 12.05

உங்களுக்குப் பிடிக்காத பதில்தான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. வரி தள்ளுபடியாகிப் பூஜ்யமானாலும் ரிட்டர்னில் வருமானம் 2.80 லட்சம் என்று அவரே எழுதியிருக்கிறார். பதிவேடு சொல்வது சரி, மேல்முறையீட்டில் மாற அதில் ஒன்றுமில்லை. கணவர் பான் எண்ணில் வேறு யாருடைய வருமானமாவது தவறாக ஏறியிருந்தால் மட்டும் கதை வேறு.

ஆரணிப்பக்கம் | 14 அக்டோபர் 2023, மாலை 5.30

எல்லாருக்கும் நன்றி. நாளை ஞாயிறு என்பதால் இன்றே இந்த மாதப் பணம் ஏறியிருக்கிறது. 4ஆம் ஆளின் ஆதார் ஒரு பேமென்ட்ஸ் வங்கியில்தான் இருந்தது, செப்டம்பர் பணமும் அங்கேயே கிடந்தது. தபால்காரரிடம் கைரேகை வைத்து எடுத்தாயிற்று. மேப்பிங் மாற்றிய பிறகு இன்றைய பணம் பழைய பாஸ்புக்கில் விழுந்தது. 1, 2, 3 மூவருக்கும் மேல்முறையீடு பதிந்து ரசீது வாங்கிவிட்டோம். 5ஆம் ஆளுக்கு நம்பர் மாற்றிப் பார்த்தால், கள ஆய்வில் இருக்கிறது என்று காட்டுகிறது. அதற்கு என்ன தயார் செய்ய வேண்டும்?

யூனிட்கணக்கு | 14 அக்டோபர், மாலை 6.15

ஆய்வுக்கு வருபவர் விண்ணப்பத்தில் எழுதியதைத்தான் நேரில் சரிபார்ப்பார். ரேஷன் அட்டை, எல்லாருடைய ஆதார், கடைசி 6 மின் பில், நிலம் இருந்தால் பட்டா நகல் ஒரு கவரில் போட்டு வையுங்கள். நன்செய் 5 ஏக்கர், புன்செய் 10 ஏக்கர் வரம்பு. கூட்டுப் பட்டா என்றால் மொத்தப் பரப்பும் அவர் தலையில் விழாமல், அவர் பங்கு எவ்வளவு என்று காட்டும் பத்திர நகலையும் சேருங்கள். வேலைக்குப் போகிறவர் என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் வீட்டில் இருக்கும் நேரத்தையும் மொபைல் நம்பரையும் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். ஆள் வந்தபோது கதவு பூட்டியிருந்தால் கோப்பு அப்படியே நின்றுவிடும்.