செப்டம்பர் 11: ஒரே தேதியில் இத்தனை விஷயம், சேர்த்து வாசிப்பதில் அர்த்தம் உண்டா?

பொழிலன் எழுதியது:

'வரலாற்றில் இன்று' பட்டியல்களைத் தினமும் வாசிக்கிற ஆள் நான். செப்டம்பர் 11 வந்தால் மட்டும் எரிச்சலாகிவிடுகிறது. எங்கே பார்த்தாலும் 2001, நியூயார்க், இரட்டைக் கோபுரம், அத்தோடு சரி. 2,977 பேர் உயிர் போன நாள், அதை எழுதக் கூடாது என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் அதே செப்டம்பர் 11, அதே செவ்வாய்க்கிழமை, 1973இல் சிலி நாட்டின் சாண்டியாகோவில் சொந்த நாட்டு விமானப்படையே ஜனாதிபதி மாளிகை மேல் குண்டு போட்டது. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த சல்வடோர் அயெந்தே அந்த மாளிகைக்குள்ளேயே உயிரை விட்டார், ஆட்சியைப் பிடித்த ராணுவத் தளபதி பினோசெட் 1990 வரை ஆண்டார், மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். இது ஏன் கடைசி வரியாகக்கூட வருவதில்லை?

1906ஐயும் பாருங்கள். ஜோகன்னஸ்பர்க் எம்பயர் தியேட்டரில் ஏறக்குறைய மூவாயிரம் இந்தியர்கள் கூடினார்கள். தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் பகுதியில் எட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு இந்தியரும் கைரேகை வைத்துப் பதிவு செய்து சீட்டு வாங்க வேண்டும் என்று சட்டம் வரப்போகிறது, அதை எதிர்க்கத்தான் கூட்டம். அந்தச் சட்டத்துக்குப் பணிய மாட்டோம் என்ற நான்காவது தீர்மானத்தைக் கடவுள் சாட்சியாக நிறைவேற்றுவோம் என்று சேட் ஹாஜி ஹபீப் மேடையில் சொன்னதும் காந்தியே திடுக்கிட்டுப்போகிறார். கையைத் தூக்கிவிட்டுப் போகிற விஷயமா இது, சிறை, அடி, சாவு எதுவும் வரலாம், யோசித்துச் சத்தியம் செய்யுங்கள் என்று எழுந்து விளக்குகிறார். சத்தியாகிரகம் அங்கேதான் தொடங்கியது. மறுநாள் அந்தத் தியேட்டர் தீப்பிடித்து எரிந்துபோனதாகவும் அவரே எழுதியிருக்கிறார்.

1893இல் இதே தேதியில்தான் சிகாகோவில் விவேகானந்தர் பேசினார். 1895இல் இதே தேதியில் வினோபா பாவே பிறந்தார். என் கோரிக்கை இதுதான்: 2001ஐ மட்டும் தலைப்பில் நிறுத்தாமல், இந்த ஒரு நாளை ஆண்டு வரிசையில் முழுசாக எழுதிப் பழகுவோம். அகிம்சைப் போராட்டம் பிறந்த தேதியும் விமானங்கள் மனிதர்கள் மேல் பாய்ந்த தேதியும் ஒன்றாக இருப்பதை ஒரே பக்கத்தில் வாசிக்கிறவர் சும்மா கடந்துபோக முடியாது.

எண்கோணம் எழுதியது:

பொழிலன், சிலியைச் சேர்க்க வேண்டும் என்பதில் சண்டையே இல்லை. "ஒரே தேதி" என்பதற்கு நீங்கள் கொடுக்கிற கனத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இருப்பது 366 தேதி. மனித வரலாறு முழுவதையும் அந்த 366 பெட்டிக்குள் கொட்டினால் எந்தப் பெட்டியைத் திறந்தாலும் ஒரு போர், ஒரு மகான், ஒரு கொடுங்கோலன் இருக்கத்தான் செய்வார்கள். ஜூலை 4ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க விடுதலைப் பிரகடனம் 1776, சரியாக ஐம்பது ஆண்டு கழித்து 1826 ஜூலை 4இல் அதில் கையெழுத்திட்ட ஜெஃபர்சனும் ஜான் ஆடம்ஸும் ஒரே நாளில் இறக்கிறார்கள், 1902 ஜூலை 4இல் நீங்கள் சொன்ன விவேகானந்தர் மறைகிறார். லிங்கனும் டார்வினும் 1809 பிப்ரவரி 12 அன்று ஒரே நாளில் பிறந்தவர்கள். வியப்பாகத்தான் இருக்கும், ஆனால் அதிலிருந்து என்ன தெரிந்துகொண்டோம்? ஒன்றுமில்லை. இந்த மனப்பழக்கம் இன்னும் இரண்டு அடி போனால் எண் ஜோதிடத்தில் போய் நிற்கும். அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகன் கட்டிடத்துக்கு மண் வெட்டியது 1941 செப்டம்பர் 11, விமானம் மோதியது சரியாக 60 ஆண்டு கழித்து. இதை வைத்துச் சதிக்கதை எழுதுகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அதோடு, தேதி என்பதே நாம் நினைக்கிற அளவுக்கு உறுதியான பொருள் கிடையாது. 1752இல் பிரிட்டனிலும் அதன் ஆட்சிப் பகுதிகளிலும் செப்டம்பர் 11 என்று ஒரு நாளே வரவில்லை. செப்டம்பர் 2 புதன்கிழமை படுத்தவர்கள் செப்டம்பர் 14 வியாழக்கிழமை எழுந்தார்கள். பழைய ஜூலியன் நாட்காட்டியை விட்டு, இன்று நாம் பயன்படுத்துகிற கிரிகோரியனுக்கு மாறியதில் பதினொரு நாள் போயே போச்சு. ஸ்காட்லாந்தின் வில்லியம் வாலஸ் ஸ்டெர்லிங் பாலத்தில் ஆங்கிலப் படையைத் தோற்கடித்தது 1297 செப்டம்பர் 11, ஸ்காட்லாந்துக்குத் தனி நாடாளுமன்றம் வேண்டுமா என்று வாக்கெடுப்பு நடந்தது 1997 செப்டம்பர் 11, எழுநூறு ஆண்டு முடிந்த அதே நாள் என்று சொல்வார்கள். 1297இன் தேதி ஜூலியன் கணக்கு. இன்றைய கணக்கில் அது செப்டம்பர் 18. அந்த எழுநூறாவது ஆண்டு நிறைவு உண்மையில் ஒரு வாரம் கழித்துத்தான் வந்தது.

நிலாமகள் எழுதியது:

எண்கோணம் சார் சொல்கிற கணக்கெல்லாம் சரிதான், ஆனால் அந்தக் கணக்கு மனிதர்களைத் தொடவில்லை. தேதி தற்செயலாக வரலாம், அதை மனிதர்கள் பிடித்துக்கொண்ட பிறகு அது தற்செயல் இல்லை. ஸ்பெயினில் இருக்கிற கட்டலோனியாவைப் பாருங்கள். 1714 செப்டம்பர் 11 பார்சலோனா வீழ்ந்த நாள், அதாவது தோற்ற நாள். அதைத்தான் அவர்கள் தேசிய நாளாகக் கொண்டாடுகிறார்கள், 2013இல் அதே நாளில் சுமார் 400 கிலோமீட்டருக்குக் கைகோத்து நின்றார்கள். சிலியில் ராணுவ ஆட்சி இதே செப்டம்பர் 11ஐ விடுமுறை நாளாக்கியது. ஒரு வீட்டில் பிள்ளையைத் தேடி அழுகிற நாள், அரசாங்கத்துக்குக் கொண்டாட்ட நாள். ஜனநாயகம் திரும்பிய பிறகும் அந்த விடுமுறையை எடுக்க 1998 வரை ஆனது. சாண்டியாகோவில் ஒரு பெரிய சாலைக்கே 'செப்டம்பர் 11' என்று பெயர் இருந்தது, 2013இல்தான் மாற்றினார்கள். ஒரு தேதிக்காக இத்தனை ஆண்டு இழுபறி நடந்திருக்கிறது என்றால் அதற்குக் கனம் இல்லை என்று எப்படிச் சொல்வது?

பொழிலன் அண்ணா, உங்கள் பட்டியலிலும் ஒருவர் விடுபட்டிருக்கிறார். 1957 செப்டம்பர் 11 இரவு பரமக்குடியில் இமானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார். ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து தீண்டாமைக்கு எதிராக நின்றவர், வயது 32. 2010இல் அஞ்சல் தலையே வெளியிட்டார்கள். தமிழில் வருகிற பட்டியல்களிலேயே அவர் பெயர் இல்லாமல் போகிறது, அதுதான் எனக்கு ஆறவில்லை. பட்டியலில் யார் இருக்கிறார் யார் இல்லை என்பது தற்செயல் கிடையாது, அது எழுதுகிறவர்களின் தேர்வு.

பொழிலன் எழுதியது:

நிலாமகள், அவரைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். நான் முழுசாக எழுத வேண்டும் என்று கேட்பதே இதற்காகத்தான்.

எண்கோணம், ஜெஃபர்சனும் விவேகானந்தரும் ஒரே தேதியில் மறைந்ததில் பொருள் இருக்கிறது என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் ஜூலை 4ஐத் தேடி வந்தவருக்கு விவேகானந்தர் 39 வயதில் போய்விட்டார் என்பது அன்றைக்குத்தான் தெரிகிறது இல்லையா? தேதி ஒரு வாசல், அவ்வளவுதான். பாடப்புத்தகம் நாடு வாரியாக, காலம் வாரியாகப் பிரித்துக் கொடுக்கிறது, அதில் சிலியும் ஜோகன்னஸ்பர்கும் ஒரு நாளும் சந்திக்காது.

சுவடி எழுதியது:

யாரும் இன்னும் பாரதியைத் தொடவில்லையே. செப்டம்பர் 11 என்றாலே நமக்கு முதலில் நினைவு வருவது பாரதி நினைவு நாள்தான், 2021இல் நூற்றாண்டையொட்டி தமிழ்நாடு அரசு அந்தத் தேதியையே 'மகாகவி நாள்' என்று அறிவித்தது. ஆனால் பாரதி மறைந்தது 11ஆம் தேதி நள்ளிரவு தாண்டி, அதிகாலை சுமார் 1.30 மணிக்கு. அப்படியானால் அது 1921 செப்டம்பர் 12. பட்டியல் போடுகிறவர்கள் இதைத் திருத்தாமல் ஆண்டுதோறும் நகலெடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். ஸ்காட்லாந்துக்கு ஜூலியன் கணக்குப் பார்க்கிற நாம், நம் கவிஞனுக்கு ஒன்றரை மணி நேரக் கணக்குப் பார்க்க வேண்டாமா?

நிலாமகள் எழுதியது:

சுவடி ஐயா, இதில் உங்களோடு உடன்பட முடியவில்லை. நள்ளிரவில் தேதி மாறுவது கடிகாரம் கொண்டுவந்த பழக்கம். நம் பெரியவர்கள் கணக்கில் நாள் என்பது விடிந்தால்தான் மாறும். அன்று அந்த வீட்டில் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது 11ஆம் தேதி ராத்திரிதான், இன்னும் விடியவில்லை. 11 என்று சொல்லி வந்ததில் அந்த நியாயம் இருக்கிறது.

சுவடி எழுதியது:

நியாயம் இருக்கட்டும் அம்மா, ஆனால் ஆங்கிலத் தேதியைப் போட்டுவிட்டு நம் நாள் கணக்கைச் சொல்வது சரிவராது. விடியலில் நாள் மாறுகிற கணக்கு வேண்டுமானால் ஆவணி மாதத் தேதியையோ திதியையோ எழுதுங்கள், எனக்கு மகிழ்ச்சிதான். செப்டம்பர் என்று எழுதினால் செப்டம்பரின் விதிதான். பிறந்த தேதி 1882 டிசம்பர் 11 என்பதைச் சரியாகச் சொல்கிறோம், மறைந்த தேதிக்கும் அந்த மரியாதை வேண்டும். முப்பத்தெட்டு வயதே வாழ்ந்த மனிதர், அவருடைய கடைசி ஒன்றரை மணி நேரத்தைக் கணக்கில் விடுவதற்கு நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

எண்கோணம் எழுதியது:

நான் சொல்ல வந்ததற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. 2001இல் முதல் விமானம் மோதியது நியூயார்க்கில் காலை 8.46. இந்தியாவில் மாலை 6.16. நியூசிலாந்தில் அப்போது நள்ளிரவு தாண்டி 12.46, அங்கே செப்டம்பர் 12 பிறந்துவிட்டது. ஒரே நிமிடம், இரண்டு தேதி. எல்லோரும் நியூயார்க் தேதியை எடுத்துக்கொண்டோம், அது சம்பவம் நடந்த இடத்தின் தேதி என்பதால். அதே விதிப்படி பாரதிக்கு 12தான் வரும், சுவடி சொல்வது சரி.

பிறந்தநாள் பட்டியலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சம்பவங்களையாவது பொறுத்துக்கொள்ளலாம், அன்று உண்மையிலேயே ஏதோ நடந்தது. 1895 செப்டம்பர் 11 அன்று வரலாற்றில் எதுவும் நடக்கவில்லை, ஒரு குடும்பத்தில் குழந்தை பிறந்தது, அவ்வளவுதான். வினோபா வரலாற்றுக்குள் வந்த தேதிகள் வேறு: 1940இல் தனிநபர் சத்தியாகிரகத்துக்கு முதல் ஆளாகக் காந்தி அவரைத் தேர்ந்தெடுத்தது, 1951 ஏப்ரல் 18 அன்று போச்சம்பள்ளியில் பூதானம் என்ற நிலக்கொடை இயக்கம் தொடங்கியது. இதே செப்டம்பர் 11தான் சர்வாதிகாரிகளான பிலிப்பைன்ஸின் ஃபெர்டினாண்ட் மார்கோஸுக்கும் சிரியாவின் பஷார் அல் அசாத்துக்கும் பிறந்தநாள். நிலம் கேட்டு நாடெங்கும் நடந்தவரையும் இவர்களையும் ஒரே வரிசையில் வைப்பதில் யாருக்கு என்ன லாபம்?

பொழிலன் எழுதியது:

லாபம் இருக்கிறது. 1911இல் இதே தேதியில் லாலா அமர்நாத் பிறந்தார். இந்தியாவுக்காக டெஸ்டில் முதல் சதம் அடித்தவர், 1933 டிசம்பரில் பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிராக, தன் முதல் டெஸ்டிலேயே, 118 ரன். இன்று கிரிக்கெட் பார்க்கிற எத்தனை பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் தெரியும்? போச்சம்பள்ளிக்கு ஏப்ரல் 18இல் வாருங்கள் என்று நீங்கள் சொல்கிறீர்கள், நல்ல யோசனைதான், ஆனால் ஏப்ரல் 18ஐ எந்தப் பட்டியலில் யார் போடுகிறார்கள்? பிறந்தநாளையும் எடுத்துவிட்டால் அந்த மனிதர்களை நினைக்க ஆண்டில் ஒரு நாள்கூட மிஞ்சாது.

சரி, கேட்டதையெல்லாம் வைத்து இப்படி எழுதலாம் என்று இருக்கிறேன். 1752க்கு முன்னால் வருகிற பிரிட்டிஷ் தேதிகள் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஜூலியன் என்று போடுகிறேன், ஸ்டெர்லிங் பாலத்துக்கு செப்டம்பர் 18ஐயும் சேர்த்து. பாரதியை 12ஆம் தேதிப் பக்கத்தில் வைக்கிறேன், 11ஆம் தேதிப் பக்கத்தில் 'மகாகவி நாள்' மட்டும் இருக்கும், மறைந்த நேரத்தோடு. பிறந்தவர்கள் தனிப் பகுதியாகக் கீழே போவார்கள்.

நிலாமகள் எழுதியது:

பாரதியை நகர்த்துவதில் எனக்கு இன்னும் சம்மதம் இல்லை அண்ணா, பதிவாகட்டும். இமானுவேல் சேகரன் பெயருக்குக் கீழே வெறும் 'கொல்லப்பட்டார்' என்று ஒரு சொல்லோடு நிறுத்திவிடாதீர்கள், எதற்காகப் போராடினார் என்பதும் வரட்டும்.

எண்கோணம் எழுதியது:

பிறந்தநாள் பகுதி வேண்டாம் என்பதுதான் இப்போதும் என் வாக்கு. போடத்தான் போகிறீர்கள் என்றால் வினோபா வரியிலேயே 1951 ஏப்ரல் 18ஐயும் எழுதுங்கள். ஏப்ரல் பட்டியலை நான் தொடங்குகிறேன்.